எக்ஸ்போர்ட் மருந்து தேடிக் கும்மிடிப்பூண்டிக்கு

காலை 5.40, திருநின்றவூர். கும்மிடிப்பூண்டிக்கு யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை. வேலைக்குப் போவார்கள், வேலை கேட்டுப் போவார்கள், ஆந்திராவுக்குப் போகிற வழியில் டீ குடிக்க இறங்குவார்கள். நான் மருந்து கேட்டுப் போனேன். போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைப் போலப் போகவேண்டிய நிலை உங்களுக்கு வராமலே இருக்கட்டும்.

எங்கள் ஊரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமானால் முதலில் சென்னைக்குள் போய், சென்ட்ரலில் வண்டி மாறி, மறுபடி வடக்கே ஏறி வரவேண்டும். சொந்த வீட்டின் பின்கட்டுக்குத் தெருவைச் சுற்றிப் போகிற மாதிரி. பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போகலாம் என்பார்கள். எந்த இடத்தில் மாறுவது, அடுத்த வண்டி எப்போது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். சென்ட்ரல் வரை ரயில் டிக்கெட் பத்து ரூபாய். பிளாட்பாரத்தில் அந்த நேரத்திலேயே நிற்க இடமில்லை. காற்று நல்ல காற்று என்று சொல்லி இங்கே மனை வாங்கியவர்கள் எல்லோரும் அந்தக் காற்றை ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுவாசிக்கிறோம்.

என் பையில் தண்ணீர் பாட்டில், எஸ்தர் கட்டிக்கொடுத்த தயிர்சாதம், எஸ்தரின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். எஸ்தர் என் மனைவி. அவளுக்கு எலும்பு மஜ்ஜையில் புற்று. முதலில் கொடுத்த மருந்து கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. போன மாதம் டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, செல்லுக்குள் நடக்கிற எக்ஸ்போர்ட்டை நிறுத்துகிற மாத்திரை ஒன்று இருக்கிறது, அது வேலை செய்யலாம் என்றார். இங்கே சப்ளை இல்லை, வெளியில் வாங்க உங்களால் முடியாது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் சட்டைக் காலரைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். முடியாது என்று தெரிந்தால் எதற்கு ஐயா சொல்கிறீர்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது.

காலை 6.55, சென்ட்ரல். புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி நின்றிருந்தது. டிக்கெட் பதினைந்து ரூபாய். ஊருக்குள் வருகிற வண்டிகளில்தான் நெரிசல், வெளியே போகிற இதில் ஜன்னலோரம் கிடைத்தது. கொருக்குப்பேட்டையில் ஒருவர் தோளில் சட்டைகளை அடுக்கிக்கொண்டு ஏறினார். எக்ஸ்போர்ட் பீஸ், எக்ஸ்போர்ட் பீஸ் என்று கூவினார். ஒன்றை வாங்கிப் பார்த்தேன். ஒரு கை மற்றதைவிட அரை இஞ்ச் நீளம். ரிஜக்ட் ஆன சரக்கு. வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று தள்ளியதை நாம் எக்ஸ்போர்ட் என்று பெருமையாகப் போட்டுக்கொள்கிறோம். நூற்றைம்பது சொன்னார். மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த எக்ஸ்போர்ட் என்கிற வார்த்தைதான் என்னை இந்த வண்டியில் ஏற்றியது. அதைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது.

நான் ஒரு தனியார் பள்ளியில் மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் ஆசிரியர். செல்லின் நடுவில் உட்கரு, அதைச் சுற்றி உறை, உறையில் துளைகள், அவற்றின் வழியே பொருள்கள் சென்று வருகின்றன என்று வருஷா வருஷம் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவியிருக்கிறேன். சென்று வருகின்றன! என்னமோ திருப்பதிக்குப் போய் வருகிற மாதிரி. பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது. டாக்டர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன்.

படித்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு எஸ்தருக்கு வரைந்து காட்டினேன். பெரிய வட்டம் செல். உள்ளே சின்ன வட்டம் உட்கரு, முதலாளியின் அறை. பரம்பரைச் சொத்துப் பத்திரமெல்லாம் அங்கேதான். அதன் சுவரில் ஆயிரக்கணக்கில் வாசல்கள். வாசலுக்குக் கதவு கிடையாது, நூல் சிக்கலாகப் புரதம் அடைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர், உப்பு போன்ற பொடிசுகள் கேட்பாரில்லாமல் அதன் இடுக்கில் போய் வரலாம். பெரிய புரதம் தன் பாட்டுக்கு நுழைய முடியாது. அதன் உடம்பிலேயே ஒரு சின்ன முகவரித் துண்டு இருக்க வேண்டும். அந்த முகவரியைப் படித்துத் தூக்கிக்கொண்டு போவதற்கென்றே வேறு புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் அந்தச் சிக்கல் வழிவிடும். உள்ளே போனதும் சரக்கை இறக்கிவிடச் சொல்ல அங்கே ஒரு குட்டிப் புரதம் காத்திருக்கும். உள்ளேயிருந்து வெளியே கொண்டுபோவதற்கும் இதே ஏற்பாடு, ஆட்கள்தான் வேறு. வெளியே போக வேண்டிய சரக்கு இருக்கத்தான் செய்கிறது. அது போகாவிட்டால் செல்லே நடக்காது.

எஸ்தரின் தம்பி டேவிட்டும் அன்று வந்திருந்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். பத்தாவது வரை படித்தவன். அந்தத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் காண்ட்ராக்டர் மாதிரியா என்று கேட்டான். காண்ட்ராக்டர் இல்லாமல் நாங்களும் கேட் பக்கம் நிற்க முடியாது என்றான். வகுப்பில் நாற்பது பேருக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியதில் எனக்குச் சந்தோஷம். மேலே சொன்னேன். செல் கெட்டுப்போனால் அதைப் பெருகவிடாமல் தடுக்கிற காவல்காரப் புரதங்கள் உண்டு. அவை உட்கருவுக்குள் இருந்தால்தான் வேலை. எஸ்தருக்கு வந்திருக்கிற புற்று என்ன செய்கிறதென்றால், வெளியே தூக்கிப் போகிற ஆட்களை அளவுக்கு மேல் வைத்துக்கொண்டு அந்தக் காவல்காரர்களைத் தூக்கித் தெருவில் விட்டுவிடுகிறது. தெருவில் நிற்கிற காவல்காரனால் வீட்டுக்கு என்ன பிரயோசனம்? டாக்டர் சொன்ன மாத்திரை அந்தத் தூக்குகிற ஆளின் கையிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அவனால் யாரையும் தூக்க முடியாது. அதுதான் எக்ஸ்போர்ட்டை நிறுத்துகிற மாத்திரை.

டேவிட் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“மாமா, அது எங்க கம்பெனிலயே வருது. டிரம் டிரம்மா அடுக்கிக்கிறாங்க. எக்ஸ்போர்ட்னு மேலயே ஒட்டிக்கிது. சூப்பர்வைசரே சொன்னாரு, இது கேன்சர் பவுடருடான்னு.”

பத்து கிளாஸ் படித்தவன் சொன்னதை எம்.எஸ்ஸி. படித்தவன் எப்படி நம்பினான் என்று கேட்பீர்கள். நம்ப வேண்டியிருந்தது, நம்பினேன். அந்தப் பேட்டையில் வெளிநாட்டுக்கு மூலமருந்து செய்கிற கம்பெனிகள் இருக்கத்தான் செய்கின்றன. எக்ஸ்போர்ட் என்றும் சொல்கிறான், கேன்சர் என்றும் சொல்கிறான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோமே என்றுதான் எனக்குப் பட்டது. எஸ்தர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். என் தம்பி கை பட்டு வருகிற மருந்தா என்று இரண்டு தரம் கேட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு சந்தேகப்படுவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. கம்பெனியின் லேப்பில் இருக்கிற மேடம் ஒருவர் நல்லவர், அவரிடம் கேட்டுப் பார்க்கலாம், வெளியே அனுப்புவதில் ஏழை நோயாளிக்கென்று கொஞ்சம் கொடுக்க வழியிருக்கலாம் என்று டேவிட் சொன்னதை வைத்துத்தான் கிளம்பினேன்.

காலை 7.40, எண்ணூர் தாண்டி. கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. அந்தப் பக்கம் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், நிலக்கரி வேகன்கள், ஓரமாகச் சாம்பல். எதிரே கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர் உட்கார்ந்திருந்தார். பவர் பிளான்ட்டில் வேலை, வீடு அத்திப்பட்டிலேயே. உங்கள் ஊருக்குக் கரண்ட் கஷ்டமே இருக்காதே என்று பேச்சுக்குக் கேட்டேன். நேற்றுக்கூட நாலு மணி நேரம் கட் என்று சொல்லிவிட்டு அத்திப்பட்டுப் புதுநகரில் இறங்கினார். பொன்னேரியில் மீன்கூடைக்காரம்மா ஒருவர் ஏறினார். கூடையில் சுண்டுவிரல் அளவு இறால். பெரிய இறாலெல்லாம் எங்கே என்று பக்கத்தில் ஒரு பெண் கேட்டதற்கு, அது ஐஸ் வண்டியில் ஏறி அப்போதே போய்விட்டது, எக்ஸ்போர்ட்டுக்கு என்றார். காலையிலிருந்து அந்த வார்த்தையை இரண்டாவது ஆள் வாயில் கேட்கிறேன். எனக்கு அது நல்ல சகுனமாகவே பட்டது.

காலை 8.20, கும்மிடிப்பூண்டி. நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோக்கள். தொழிற்பேட்டைக்கு இருபது ரூபாய். எந்தக் கம்பெனி என்று டிரைவர் கேட்டார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்போர்ட் பண்ணுகிற மருந்துக் கம்பெனி என்று விளக்கினேன்.

“இங்க எல்லாமே எக்ஸ்போர்ட்டுதான் சார். ஆளுங்கதான் இம்போர்ட்டு” என்றார்.

உண்மைதான். ஆட்டோவில் என்னோடு உட்கார்ந்த ஐந்து பேரும் இந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். நெடுஞ்சாலையைத் தாண்டியதும் சாலை சாலையாக இல்லை. டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றன. உருக்காலைப் பக்கத்திலிருந்து இரும்பு வாசனை, அடுத்த திருப்பத்தில் புளித்த வாசனை, அதற்கடுத்து என்னவென்று சொல்ல முடியாத இனிப்பு வாசனை. அந்த இனிப்பு வந்த இடத்தில்தான் டேவிட்டின் கம்பெனி. மூக்கைப் பொத்திக்கொண்டது நான் மட்டும்தான்.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். நைட் ஷிப்ட் ஆட்கள் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அடையாள அட்டையை நீல வாரில் மாட்டியவர்கள் காண்ட்ராக்ட், வெள்ளை வார் கம்பெனி ஸ்டாஃப். வெளியே வருகிற நீல வாரின் டப்பாவைச் செக்யூரிட்டி கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். கனமில்லை என்றால் விட்டார். உள்ளே போகிற நீல வாருக்குத்தான் கெடுபிடி. உள்ளே பற்றிக்கொள்கிற ரசாயனம் இருப்பதால் பீடி, தீப்பெட்டி, போன் எதுவும் போகக்கூடாதாம். பையைக் கவிழ்த்து, டப்பாவைத் திறந்து, சோற்றைக்கூடக் கிளறிப் பார்த்தார்கள். வெள்ளை வாரை யாரும் தொடவில்லை. வணக்கம் வைத்தார்கள்.

டேவிட் வந்தான். கண் சிவந்திருந்தது. முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். மூக்கு இருந்த இடத்தில் துண்டு வெள்ளையாகியிருந்தது. அவனுக்குப் பூரி சொன்னேன். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்து ஊறுகாய்க் கிண்ணத்தை எடுத்தான். அதில் பாலிதீன் கவரில் இரண்டு ஸ்பூன் வெள்ளைப் பவுடர்.

“மேடம் ஒத்துக்குறாங்களோ இல்லியோ, அக்காவுக்கு மொதல்ல இது இருக்கட்டும் மாமா” என்றான்.

பிடிபட்டால் வேலை போகும், போலீஸ் வரும், எல்லாம் மனதில் ஓடியது. அதோடு இன்னொன்றும் ஓடியதை மறைக்க மாட்டேன். எத்தனை மில்லிகிராம், எதில் கலப்பது என்றும் கணக்குப் போட்டேன். கிண்ணத்தை மூடி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

காலை 9.00. லேப் மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். ஊர் ஆந்திராவில் தடா பக்கம், தெலுங்கு வாடையோடு தமிழ் பேசினார். டேவிட் முன்னமே சொல்லி வைத்திருந்தான், ஆனால் எதற்கு என்று சொல்லவில்லை. காகிதங்களை வாங்கி நின்றபடியே படித்தார். டாக்டர் எழுதியிருந்த மாத்திரையின் பெயருக்கு வந்ததும் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு டேவிட்டைப் பார்த்தார். இது எங்களிடம் இருக்கிறதென்று யார் சொன்னது என்று கேட்டார். டேவிட் டிரம்மைப் பற்றிச் சொன்னான்.

“அய்யோ நைனா, எக்ஸ்போர்ட்டுன்னா வெளிநாட்டுக்குப் போறதுன்னு அர்த்தம். எல்லா டிரம்லயும் அத ஒட்றதுதான். உள்ள இருக்குறது ஆட்டுக்குக் குடுக்குற பூச்சி மருந்து” என்றார்.

சூப்பர்வைசர் கேன்சர் பவுடர் என்றாரே என்றேன் நான். என் குரல் எனக்கே சின்னப் பையன் குரல் மாதிரிக் கேட்டது. மேடம் கேட் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொன்னார். வேர்க்கிறது என்று ஆட்கள் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்களாம். மூக்கில் ஏறினால் கேன்சர் வரும் என்று பயமுறுத்துவதற்கு அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்களாம். வருமா என்று கேட்டேன். அது சும்மா சொல்வது சார் என்றார். மாஸ்க் எல்லோருக்கும் கொடுக்கிறீர்களா என்றேன். அவர் காகிதங்களை மடித்து என் கையில் கொடுத்தார்.

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி டேவிட்டைத் திட்டினேன். அறிவு இருக்கிறதா, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலா இத்தனை தூரம் இழுத்தாய், உன் அக்காளுக்கு ஆட்டு மருந்தா கொடுக்கச் சொல்கிறாய் என்று கேட்டேன். டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டேவிட் தலையைக் குனிந்தே இருந்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

“சுகர் மாத்திரைன்னா சுகருக்குத்தான மாமா குடுக்குறாங்க? சுகர் வர்றதுக்கா குடுக்குறாங்க? கேன்சர் பவுடருன்னா நான் இன்னான்னு நெனைக்கிறது?”

அவன் கேட்டதில் தப்பில்லை. இருமல் மருந்து, காய்ச்சல் மாத்திரை, பிரஷர் மாத்திரை, எல்லாம் நம் பேச்சில் அப்படித்தான். முன்னால் வருகிற நோயைப் போக்குவதுதான் பின்னால் வருகிற மருந்து. அவன் மூக்கில் ஏறுகிற ஒன்றுக்குக் கேன்சர் பவுடர் என்று பெயர் வைத்து, அந்தப் பயத்தை மட்டும் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனவனை அல்லவா நான் திட்டியிருக்க வேண்டும். அவன் வெள்ளை வார் போட்டு உள்ளே இருக்கிறான். என் கைக்கு எட்டியது என் மைத்துனன்தான்.

பைக்குள் அந்தக் கிண்ணம் இருந்தது. அதை என்ன செய்வதென்று டேவிட்டிடம் கேட்டேன். சாயங்காலம் திரும்ப உள்ளே கொண்டுபோனால் கேட்டில் திறந்து பார்ப்பார்கள், மாட்டிக்கொள்வேன் என்றான். வெளியே வந்தது சுலபமாக வந்துவிட்டது. மேடம் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டார். கையை நீட்டினார். கிண்ணத்தைக் கொடுத்தேன். கவரை மட்டும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னொரு தடவ எடுக்காத நைனா. அக்காவுக்கு வேற வழி பாக்கலாம்” என்றார்.

வேறு வழி எது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெள்ளை வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் நடந்தார். செக்யூரிட்டி வணக்கம் வைத்தார். டேவிட் ராத்திரியெல்லாம் பயந்து வெளியே கொண்டுவந்தது ஒரு நிமிஷத்தில் உள்ளே போய்விட்டது. காலண்டர் தாளில் நான் வரைந்ததும் இதேதான். ஆனால் வரையும்போது எனக்கு அது பாடமாகத்தான் இருந்தது.

காலை 10.30. டேவிட் நிலையம் வரை கூடவே வந்தான். தூக்கமில்லாத கண். பூரியைத் தொடவே இல்லை. தயிர்சாதத்தையாவது சாப்பிடச் சொன்னேன், தலையாட்டி மறுத்தான். வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அக்காவாண்ட சொல்லாத மாமா” என்றான். எதைச் சொல்லக்கூடாது என்று அவன் சொல்லவில்லை. பவுடரையா, ஆட்டு மருந்தையா, தான் ஏமாந்ததையா. சொல்லமாட்டேன் என்றேன்.

திரும்பி வருகிற வழியில் எழுத ஒன்றுமில்லை. அதே புகைபோக்கிகள், அதே பாலம். காலையில் பார்த்ததெல்லாம் எனக்கு எங்கேயோ கூட்டிப் போவது மாதிரி இருந்தது. இப்போது வெறும் சாம்பலும் சேறுமாக இருந்தது. சட்டைக்காரர் இந்த வண்டியிலும் ஏறினார். எக்ஸ்போர்ட் என்று அவர் கூவியபோது காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பகல் 1.30, திருநின்றவூர். வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். அந்தக் காலண்டர் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தது ஓரமாகத் தெரிந்தது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்கள் எதுவும் வாயில் வரவில்லை. அங்கே காலையிலிருந்து கேட்ட வார்த்தைதான் வந்தது.

“இருக்குறதெல்லாம் எக்ஸ்போர்ட்டுக்காம். இங்க குடுக்கமாட்டாங்களாம்” என்றேன்.

டேவிட் மேல் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த அளவுக்காவது பொய் வேலை செய்தது.

“நல்லது எது உள்ள நின்னுக்கிது?” என்றாள். “எல்லாம் வெளியதான போவுது.”

தன் நோயைத்தான் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பாடம் நடத்தி நான் ஒரு வரியில் சொல்லத் தெரியாததைச் சொல்லிவிட்டாள். சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையிலிருந்து தயிர்சாதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். கட்டியது கட்டியபடி இருந்ததை அவள் பார்த்தாள்.

டேவிட் நாஷ்டா துண்ணானா என்று கேட்டாள்.

துண்ணான் என்றேன்.